மஞ்சூர் பனியில் கொஞ்சம் லத்தீன்

மஞ்சூர் சாலையில், நீட்டிய கை தெரியாத மூடுபனி. தேயிலை விலை விழுந்தபின் ஃபேக்டரி லாரி ஒரே நடைதான் வருகிறது. அதைத் தவறவிட்டால் காலையில் பறித்த இலையெல்லாம் வீண் என்று, மூட்டையோடு நிற்கும் அம்மாள் தவிக்கிறார். நான் ஆறுதல் சொல்கிறேன்.

"இதை இங்கிலீஷ்ல 'புரூமஸ்'னு சொல்வாங்கம்மா. மூடுபனி சூழ்ந்ததுன்னு அர்த்தம். வருஷத்திலேயே ரொம்பக் குட்டையான பகலுக்கு லத்தீன்ல இருந்த பேர்லேருந்து வந்தது."

"ஏனுங்க, அதையே கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. லாரி வருதுங்க. டிரைவருக்கு நாம நிக்கிறது தெரியாது. எனக்குத் தொண்டை கட்டியிருக்குது."

"புரூமஸ்! புரூமஸ்!" என்று கத்துகிறேன். லாரி நிற்கிறது. என் ஆங்கிலத்தைக் கேட்டு ஒருவர் ஓடாமல் நின்றது இதுவே முதல் தடவை.