கறுப்புப் பொடியும் காந்த வளையலும்

கடைக்காரம்மா பொட்டலத்தின் மூலையைக் கத்தரித்து ஒரு சிட்டிகைக் கறுப்புப் பொடியை வெள்ளைத் தாளில் தட்டுகிறார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைத் தாளுக்கு அடியில் கொண்டுபோகிறார். பொடி சிலிர்த்து, முள்முள்ளாக எழுந்து நிற்கிறது.

"மேனேஜர் வந்தா எல்லாரும் எந்திரிக்கிற மாதிரி. இது நம்மாளு" என்று புனலை எடுக்கிறார். அடுத்த பொட்டலமும் அதே பெட்டியில் வந்ததுதான். அதற்கும் ஒரு சிட்டிகை, அதற்கும் காந்தம்.

"டாக்டரம்மா நாடி பாக்குறாங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்கிறார் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கணவர்.

"நாடி பாக்காம ஊசி போட்டுத்தானே அன்னிக்கு அவமானப்பட்டேன்? சும்மா இருங்க."

பிரிண்டர் கார்ட்ரிட்ஜ்களுக்கு மறுபடி பொடி நிரப்புவது அவர் தொழில். தெருவில் அவருக்குக் காந்தக்காரம்மா என்று பெயர். பார்வைக்கு எல்லாக் கறுப்புப் பொடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிலவற்றில் மட்டும் இரும்புத் துகள் கலந்திருக்கும். அந்த வகைக் கார்ட்ரிட்ஜில் உருளைக்குள் ஒரு காந்தம் உண்டு. பொடியை இழுத்துப் பிடித்து, வேண்டிய அளவு மட்டும் வெளியே விடுவது அதுதான். இரும்பில்லாத பொடியை அதில் ஊற்றினால் பிடிக்க ஆளில்லாமல் இயந்திரமெங்கும் கொட்டும். வண்ணப் பொடிகளில் ஏன் இரும்பு இல்லை என்று ஒருமுறை கேட்டேன். "கரியைக் கலந்தா மஞ்சள் மஞ்சளாவா இருக்கும்? இரும்பும் அதே கதைதான்" என்றார்.

கடையில் அவர் வெந்நீரைத் தொடுவதில்லை. சூடு பட்டால் பொடி இளகித் தோலில் அப்பிக்கொள்ளுமாம். குளிர்நாளிலும் பச்சைத் தண்ணீரில்தான் முழங்கைவரை கழுவுகிறார். அச்சாகி வரும் முதல் தாளைப் படிப்பதில்லை. எழுத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தி இரண்டு முறை தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்ப்பார். கறை இல்லையென்றால் வேலை முடிந்தது.

அவர் சொல்லும் 'அன்னிக்கு' போன மாதம் வந்தது. எதிர்ச்சாரி அலுவலகத்தில் பிரிண்டர் பொடியைக் கக்கி, முந்நூறு அறிவிப்புகளைப் பாழாக்கியது. அதில் கார்ட்ரிட்ஜை மாற்றி வைத்தவர் அங்கே தற்காலிகப் பணியில் இருந்த உதவியாளப் பெண். முரட்டுத்தனமாகக் குலுக்கி உடைத்துவிட்டார் என்று மெமோ கொடுத்து, வேலைக்கு வரவேண்டாம் என்றார் மேலாளர். விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. சம்பளம் யாருக்குக் குறைவு என்று பார்த்தால் குற்றவாளி கிடைத்துவிடுவார் என்பது பல அலுவலகங்களின் துப்பறியும் முறை.

அந்தப் பெண் கடைக்கு வந்து நின்றார். "நீங்க சொன்ன மாதிரி நாலே தடவைதான் மெதுவா ஆட்டினேன் அக்கா. அஞ்சாவது தடவை ஆட்டல."

காந்தக்காரம்மா அன்று ஊற்றிய பொட்டலத்தில் மிச்சமிருந்ததைத் தாளில் தட்டிக் காந்தத்தைக் காட்டினார். பொடி படுத்தே கிடந்தது. பெட்டியின் முதல் பொட்டலத்தை மட்டும் சோதித்துவிட்டு, ஒரே பெட்டிதானே என்று இரண்டாவதை அப்படியே ஊற்றியிருந்தார். லேபிள் என்னவோ சரியாகத்தான் இருந்தது.

"அந்த ஆபீஸ்ல பதினாலு மெஷின். நீயா போய்ச் சொன்னா அத்தனையும் போயிடும்" என்றார் கணவர்.

"ஊத்துனது நான். பழி மட்டும் அவளுக்கா?"

மறுநாள் ஒரு சான்றிதழுக்காக நான் அந்த அலுவலக வரிசையில் காத்திருந்தபோதுதான் காந்தக்காரம்மாவும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். உதவியாளப் பெண் வாசலோடு நின்றுவிட்டார். காந்தக்காரம்மா மேலாளரின் மேசைமேல் இரண்டு தாள்களை விரித்து, இரண்டு பொட்டலப் பொடியையும் தட்டி, காந்தத்தைக் காட்டினார்.

"உங்க பொடி, உங்க காந்தம். என்ன வித்தை வேணா காட்டலாமே" என்றார் மேலாளர்.

அவர் மணிக்கட்டில் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்று யாரோ விற்ற காந்த வளையல் கிடந்தது.

"அப்ப உங்க காந்தத்துலயே பாத்துடலாம் சார். கையைக் கொஞ்சம் இறக்குங்க."

முதல் தாளில் பொடி அசையவில்லை. இரண்டாவது தாளில் பொடி துள்ளி வளையலைச் சுற்றிக் கறுப்பு மீசை போல ஒட்டிக்கொண்டது. வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"பரவாயில்ல சார், இந்த வளையலாலயும் ஒரு நல்லது நடந்திருக்கு" என்றார் காந்தக்காரம்மா.

மேலாளர் கைக்குட்டையால் மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டே, "சரி, தப்பு உங்களோடதுதான். நாளையிலேர்ந்து வேற கடை பாத்துக்கிறோம். இப்ப சான்றிதழ் அடிக்கிற இந்த மெஷினைச் சரி பண்ணிட்டுக் கிளம்புங்க" என்றார்.

ஒரு மணி நேரம் குனிந்தபடியே இயந்திரத்தின் வயிற்றைத் துடைத்தார். புதிதாக நிரப்பிய கார்ட்ரிட்ஜை நான்கு முறை மெதுவாக ஆட்டினார். ஆனால் பொருத்தவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னம்மா?"

"அந்த மெமோ சார்."

"அது ஃபைலுக்குப் போயிடுச்சு. அப்புறம் பாக்கலாம்."

"பாருங்க சார். நீங்க பாத்ததும் இதை மாட்டறேன்."

மேலாளர் வரிசையைப் பார்த்தார். வரிசை மேலாளரைப் பார்த்தது. "சார், நான் அரை நாள் லீவு சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அந்தம்மா கேக்கறது நியாயம்தானே? டைப் பண்ணுங்களேன்" என்று இன்னொரு குரல். கொஞ்ச நேரம் கழித்து விசைப்பலகை சத்தம் கேட்டது. அதன்பிறகே கார்ட்ரிட்ஜ் உள்ளே போனது, மூடி மூடியது.

முதல் தாள் சூடாக வெளியே வந்தது. மெமோ திரும்பப் பெறப்படுகிறது, நாளை முதல் பணிக்கு வரலாம் என்று இரண்டே வரி. மேலாளர் கையெழுத்திட்டுத் தள்ளினார். காந்தக்காரம்மா அதை வாங்கி, அச்செழுத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தி இரண்டு முறை தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாசலை நோக்கித் தாளை நீட்டினார்.