வெள்ளை வளையம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கிறது. உள்ளே வெள்ளை பெயின்ட் கல்லாக இறுகிக் கிடக்கிறது. பிரஷ்ஷும் அதிலேயே சிக்கிக்கொண்டது. தூக்கிப் போடு என்று கணவர் சொல்லாத பொங்கல் இல்லை. என்னால் முடியவில்லை.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டுப் பக்கத்துக் காடு ஒன்றில் நடந்த ஆய்வில் நான் உதவியாளராக இருந்தேன். பாலை, உசில், வக்கணை என்று வைரம் பாய்ந்த மரங்கள். காட்டை நான்கு துண்டாகப் பிரித்திருந்தோம். ஒன்றில் எல்லா மரத்தையும் தரையோடு வெட்டினோம், ஒன்றில் முழங்கால் உயரம் விட்டு வெட்டினோம், ஒன்றில் பொறுக்கி வெட்டினோம். நான்காவதில் கத்தியே படக்கூடாது. எப்படி வெட்டினால் காடு நன்றாகத் தழைக்கிறது என்பதை அந்த நான்காவதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அது போனால் மற்ற மூன்றும் வெறும் வெட்டு, அவ்வளவுதான்.

அதைக் காத்தவர் வாட்சர் அண்ணன். தினக்கூலி, நியமனக் கடிதம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் மஞ்சள் வளையம் இருக்கும். தை பிறந்ததும் அதன்மேல் டேப்பைச் சுற்றி அளப்போம். மழையில் மங்கிய வளையங்களை மார்கழியிலேயே அவர் புதுப்பித்துவிடுவார். ஒரு மரம் விரல்கடை பருத்திருந்தால் சொந்தப் பிள்ளை வளர்ந்ததுபோல் சிரிப்பார். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "எல்லா மரமும் நின்னுகினு கீது மேடம்" என்பார். பத்து வருஷமாக அதே அறிக்கை.

பத்தாவது வருஷ மார்கழியில் திருப்போரூர்க் கடையில் மஞ்சள் தீர்ந்திருந்தது. வெள்ளை வாங்கிப் போனேன்.

"மஞ்சா இல்லியா மேடம்?" என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கலரில் என்ன இருக்கிறது அண்ணே, வளையம் தெரிந்தால் போதாதா என்றேன். என் நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஏலம் போன காட்டில், வெட்ட வேண்டிய மரத்துக்கு அடையாளமே வெள்ளை வளையம்தான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு அப்போது நினைவில்லை. மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். ஒரு மரம் விடாமல் பளிச்சென்று அடித்துவிட்டு, மகள் பிரசவத்துக்காக நாலு நாள் படாளம் போனார். போகச் சொன்னதும் நான்தான்.

ஏலக்காட்டு வெட்டுக்காரர்கள் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமும் வெள்ளையைப் பார்த்தார்கள், வெட்டினார்கள். அவர்களை என்ன சொல்ல?

பெயின்ட் அடித்தது யார் என்று கேட்டார் விசாரணைக்கு வந்த அதிகாரி. "நான்தான் சார்" என்றார் அண்ணன். வாங்கிக் கொடுத்தது நான் என்று சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். கடிதம் ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது. நாளையிலிருந்து வராதே என்று அவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். உத்தரவு இல்லாமல் சேர்ந்தவரை நீக்க உத்தரவு எதற்கு? எதைக் காட்டி, யாரோடு மல்லுக்கு நிற்பது? மேலதிகாரிகள் மூன்று பேரிடம் போய் நின்றேன். பாவம்தான் என்றார்கள் மூன்று பேரும்.

தையில் அளக்கப் போனபோது, கூலி இல்லாமலே வந்திருந்தார். பாலைமரத்தின் அடிக்கட்டை முன்னால் நின்று, பழக்கத்தில் டேப்பை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே சுற்றுவதற்கு ஒன்றுமில்லை.

"இன்னா எழுதறது மேடம்?" என்றார்.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

படாளத்திலிருந்து எப்போதாவது போன் செய்வார். அந்தப் பேச்சை ஒரு தடவைகூட எடுத்ததில்லை, திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். போன வாரம் மட்டும் பேச்சு முடியும்போது, கட்டைகள் துளிர்த்திருக்கின்றனவா என்று கேட்டார். நான் அந்தப் பக்கம் போயே பல வருஷம் ஆகிறது.

"எல்லாம் நின்னுகினு கீது அண்ணே" என்றேன்.

போனை வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, பிரஷ்ஷைப் பிடித்து இழுத்தேன். டப்பாவும் கூடவே வந்தது.