ஏழு ஐந்துக்குக் கேட்ட ஓசை

என் அக்காவின் இளைய மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அக்காவின் மூத்த மகள் கல்யாணத்தன்று நான் எழுதிய பக்கம் அதில் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டுப் போனால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்று பயம். கொண்டுபோனால் எங்கேயாவது விட்டுவிடுவோமோ என்று பயம். இரண்டாவது பயம் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது.

தாமிரபரணியில் ஓர் அணைக்கட்டில் நீர்மட்டம் பார்த்து எழுதுவது என் வேலை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. கண்ணில் பட்டதை நேரத்தோடு எழுத வேண்டும். தண்ணீர் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதை எழுத அந்த நோட்டில் இடம் கிடையாது. வீட்டு டைரியையும் நான் அப்படித்தான் எழுதிவந்தேன்.

மூத்தவள் கல்யாணத்தன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்குச் சீவலப்பேரிப் பக்கம் வயலும் அரிசி ஆலையும் உண்டு. அவருக்கு ஒரே தம்பி. ஆற்றங்கரைத் தென்னந்தோப்பு யாருக்கு என்பதில் இரண்டு பேருக்கும் வெகுநாளாகப் பேச்சு சரியில்லை. கல்யாணத்துக்காகச் சமாதானமாகி, தம்பி முதல் நாளே மண்டபத்துக்கு வந்துவிட்டார். காலையில் மாடி அறையில் காப்பி குடித்துவிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அப்போது ஆறு பத்து. அறையில் அத்தான், அத்தானின் சித்தப்பா, நான், மூன்று பேர். சித்தப்பா மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்கருகில் விரலை வைத்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். ஆறு பதினாறுக்கு, "போயிட்டான்யா" என்றார்.

சாவு என்று வெளியே தெரிந்தால் தீட்டு. தாலி கட்ட முடியாது. அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாலி ஏறுற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. ஏசியப் பதினாறுல வையி. மாப்ள, சாவிய நீ வச்சுக்கோ" என்று என்னிடம் சொன்னார். நான் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்டவர்களிடம் தலைவலி, தூங்குகிறார் என்றேன். தம்பியின் மனைவி கீழே மேடையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் கைவிளக்கு ஏந்தி நின்றுகொண்டிருந்தாள். தலை நிறையப் பூ. சுமங்கலி என்று அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

டைரியில் அடுத்த வரி இது: "7.05. உள்ளே ஓசை. டம்ளர் உருண்டதுபோல். இரண்டு முறை."

தாலி கட்டியது ஏழு இருபத்துநாலுக்கு. ஏழு நாற்பதுக்குக் கதவைத் திறந்தோம். மல்லாக்கப் படுக்க வைத்திருந்தவர் கதவைப் பார்க்க ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. காப்பி டம்ளர் தரையில், கதவுக்குக் கிட்டே வந்து கிடந்தது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின்வாசல் வழியாகக் காரில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் எப்போது விழுந்தார் என்று கேட்டதற்கு, "இப்பதான் டாக்டர், பந்தியில உக்காரப் போனான்" என்றார் அத்தான்.

பிறகு அவர் மனைவி ஊரெல்லாம் சொன்னாள்: தோப்புக்காகக் காப்பியில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று. காப்பியில் எதுவும் இல்லை. அதே பாத்திரத்திலிருந்து நானும்தான் குடித்தேன். ஆனால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. விஷம் என்று அவள் நம்பும்வரை யாரும் என்னிடம் மணி கேட்கப் போவதில்லை.

இளையவள் கல்யாணத்தை அத்தான் முந்தினதைவிடப் பெரிதாகச் செய்தார். வாசலில் தெர்மாகோல் யானை தும்பிக்கையால் பன்னீர் தெளித்தது. மேடை அரண்மனைபோல் இருந்தது. கேரளத்திலிருந்து செண்டை மேளம், தலைக்கு மேலே ட்ரோன், காலைப் பந்தியில் முப்பத்திரண்டு வகை. அல்வாவைக் கண் முன்னால் கிண்டிக் கொடுக்க ஓர் ஆள், ஜிலேபிக்கு ஓர் ஆள், குலாப்ஜாமுனுக்கு ஓர் ஆள். மண்டபம் மட்டும் அதேதான். அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மண்டபத்தை மாற்றினால் ஊர் பேசும் என்று அத்தான் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்ததுமே அத்தான் மாடி அறைச் சாவியை என் கையில் வைத்தார். "நகைப்பெட்டி எல்லாம் அங்கனதான் இருக்கு. நீதான் ஒழுங்கா வச்சிருப்ப." சாவி வளையத்தில் அதே சிவப்புப் பிளாஸ்டிக் வில்லை.

அறை வாசலில் அதே இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு இருபதுக்கு அத்தானின் தம்பி மனைவி படியேறி வந்தாள். பத்திரிகை வைத்திருந்தார்கள், வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. முந்தின நாள் மாலையே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். கீழே பெண்கள் பேசியது எனக்கும் கேட்டிருந்தது.

"ஏட்டி, இவ எதுக்குட்டி வந்திருக்கா?"

"கொலகாரன அடையாளம் காட்ட வந்திருப்பா."

"அப்ப பந்திய முடிச்சிட்டே போவோம். இடையில எந்திரிக்க முடியாது பாரு."

அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி, தான் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரில் விழுங்கினாள். ஆறு இருபத்தைந்து. பழக்கத்தில் மணியைப் பார்த்தேன்.

"என்ன மாத்திரைம்மா?"

"சுகர் மாத்திரை, அண்ணாச்சி."

"சாப்பிட்டியா?"

"இந்த மண்டபத்துலயா? நேத்து வந்ததுலேருந்து ஒரு பருக்கை உள்ள போகல. ஒரு உசுரு போனது போதும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு இந்த வாசல்ல நீங்க உக்காந்திருந்தீங்களாமே. பாத்திரம் தேய்க்க வந்த அம்மா நேத்துதான் சொல்லுதா. மூணு வருசமா நீங்க ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நீங்க மழ பெஞ்சாலும் மணி பாத்து எழுதுத ஆளு. அன்னைக்கும் எழுதியிருப்பீங்க. யாரு உள்ள போனா, யாரு வந்தா, எத்தன மணி. எனக்கு அதச் சொல்லுங்க."

பை என் மடியில் இருந்தது. "தாலி கட்டட்டும்மா. அப்புறம் பேசுவோம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். எழுந்து போகவும் இல்லை. முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் பூட்டிய கதவுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே மேளம். எனக்கு அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால்தான் அவளுக்கு வேர்த்து ஊற்றியதைத் தாமதமாகப் பார்த்தேன். "தோப்புல மோட்டார நிறுத்தணும்" என்றாள். என்னம்மா என்று கேட்டேன். "மோட்டார்" என்று திரும்பவும் சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தாள். ஏழு பதினாறு.

என் சத்தத்துக்கு அத்தானும் சித்தப்பாவும் ஓடிவந்தார்கள். கதவைத் திறந்து அவளை அதே கட்டிலில் படுக்க வைத்து, அவள் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்தோம். வேறு கட்டில் அங்கே இல்லை. சித்தப்பா நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"துடிப்பு சரியா கெடைக்கலியேப்பா."

"அன்னைக்கும் நீருதாம்வே பாத்தீரு" என்றேன்.

"ஏன்வே, நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும்" என்றார் அத்தான். பட்டு வேட்டியும் மாலையுமாக நின்றார், மாலை நடுங்கியது. "ஏழு நாப்பதுக்குத் தாலி. இருபதே நிமிசம். கதவச் சாத்து, மாப்ள."

"ஆம்புலன்ஸ் கூப்பிடணும் அத்தான்."

"வாசல்ல சம்பந்தி நிக்காரு. மேல ட்ரோன் பறக்கு. யானைக்குப் பக்கத்துல ஆம்புலன்ஸ் வந்து நின்னா வீடியோவுல என்னவே தெரியும்?"

"சுகர் மாத்திரை போட்டா. சாப்பிடல. கொஞ்சம் சீனியாவது வாயில..."

"தொடாதீரும்வே" என்றார் சித்தப்பா. "ஏற்கெனவே வெசம் வச்சோம்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா. இப்ப நம்ம கையால வாயில எதையாவது வச்சு, அவ போயிட்டான்னா? மூணு பேருக்கும் ஜெயில் களிதான்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் பயங்கரம். கீழே முப்பத்திரண்டு வகை, அண்டா அண்டாவாக இனிப்பு. ஒரு கரண்டி சீனி இல்லாமல் ஒருத்தி கிடக்கிறாள். எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

அவர்கள் இறங்கிப் போனார்கள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாவியைத் துவாரத்தில் போட்டேன். இவள் போய்விட்டால் இனி யாரும் மணி கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு வந்தது. எவ்வளவு நேரம் அது இருந்தது என்று எழுத முடியவில்லை. அப்போது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது.

கதவைத் தள்ளித் திறந்தேன். அவளுடைய தண்ணீர் பாட்டில். கட்டிலில் அவள் கை இழுத்துக்கொண்டிருந்தது. நான் எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. குலாப்ஜாமுன் ஆளிடமிருந்து ஜீராவோடு கரண்டியைப் பிடுங்கினேன். "சார், வரிசையில வாங்க" என்றான் அவன். "ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க, மாடியில ஒரு உசுரு கெடக்கு" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். வாயில் வடையோடு ஒருவர் போனை எடுத்ததைப் பார்த்துவிட்டு மேலே ஓடினேன்.

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் ஜீராவைத் தொட்டு உதட்டுக்கு உள்ளே, ஈறில் பைய பையத் தடவினேன். ஊற்றினால் புரையேறிவிடும் என்று பயம். பாதி தலையணையில் போயிற்று. ஏழு இருபத்தெட்டுக்கு அவள் நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவியது.

ஏழு முப்பத்துநாலுக்குச் சைரன் கேட்டது. அபசகுனச் சத்தம் மேடைக்குக் கேட்கக் கூடாதே என்று அத்தான் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று அலறியிருக்கிறார். தவில்காரர்கள் வெளுத்துவாங்க, மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டார். ஆறு நிமிஷம் முன்கூட்டி. ஐயர் இன்னும் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்து ஆசிக்கு அனுப்பவே இல்லையாம். அந்த ஆறு நிமிஷத்துக்காக அத்தான் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி டாக்டர், "எத்தனை மணிக்கு மாத்திரை போட்டாங்க?" என்று கேட்டார். ஆறு இருபத்தைந்து என்றேன். விழுந்தது? ஏழு பதினாறு. "இப்படி மணி சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் என் தோளைத் தட்டினார். எனக்குக் கூசியது.

மதியம் அவள் எழுந்து உட்கார்ந்தாள். நர்ஸ் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை நான் கலக்கி நீட்டினேன்.

"நீங்க மொதல்ல குடிங்க, அண்ணாச்சி."

நான் பாதியைக் குடித்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு மீதியை அவள் குடித்தாள்.

"தாலி கட்டியாச்சா?"

"ஆச்சு."

"அப்பம் சொல்லுங்க."

டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஆறு பத்து, ஆறு பதினாறு, ஏழு ஐந்து, ஏழு இருபத்துநாலு, ஏழு நாற்பது. விஷம் இல்லை என்றும் சொன்னேன். முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்ட."

"ஏழு அஞ்சுக்கு நான் வெளக்கு பிடிச்சுக்கிட்டு நிக்கேன்." சொல்லிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். "எண்ணெ சூடா கையில வழிஞ்சுச்சு. நான் வெளக்க மாத்திப் பிடிக்கல. அசையக் கூடாதுன்னாங்க."

பிறகு கையை நீட்டினாள். நான் டைரியைக் கொடுத்தேன்.

அது இப்போது அவளிடம்தான் இருக்கிறது. அவள் போலீசுக்குப் போகவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. விஷம் என்ற பேச்சையும் விட்டுவிட்டாள். வாசலில் வண்டி நின்றால் மட்டும் நான் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சில நாள் அவள் போன் செய்வாள். நலம் விசாரிப்பதில்லை. நேராக ஒரு கேள்வி. நாற்காலி கதவிலிருந்து எத்தனை அடி? டம்ளர் எவர்சில்வரா, பித்தளையா? இரண்டு ஓசைக்கும் நடுவில் எவ்வளவு நேரம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன்.

போன வாரம் அணைக்கட்டில் மாலை அளவைக் குறித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணாச்சி, ஏழு அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அது மண்டபத்துக் கடியாரமா, உங்க கைக்கடியாரமா?"

"என் கைக்கடிகாரம்."

"அது சரியா ஓடுமா?"

அந்த வருடம் அந்தக் கடிகாரம் இரண்டு நிமிஷம் வேகமாக ஓடியது. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன், வேலைக்குப் பிந்தக் கூடாது என்று. மறைத்திருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியில்லை.

"ரெண்டு நிமிஷம் வேகம்" என்றேன்.

"அப்ப ஏழு மூணு."

"ஆமா."

அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் ஓடுவது கேட்டது. பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.