கல்யாண கேசட்டின் மார்க்கெட் விலை

அமெரிக்காவில் எவனோ ஒருத்தன் பழைய வீடியோ கேசட்டை லட்சக்கணக்கில் வாங்கினானாம். வாட்ஸ்அப்பில் வந்ததாம். அவ்வளவுதான், பேங்க்கில் ஆயுசு பூராவும் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயரான என் வீட்டுக்காரருக்கு, எங்கள் பூனா ஔந்த் ஃப்ளாட்டின் பரண் தங்கச் சுரங்கமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"இங்க பாரு, இதெல்லாம் இனிமே கலெக்டர்ஸ் ஐட்டம். நீ கைய வெக்காதே."

நான் எதற்குக் கை வைக்கப்போகிறேன்? முக்கால்வாசியும் அந்தக் காலத்தில் பூனாவில் தமிழ்ப் படம் பார்க்க வழியில்லாமல், மெட்ராஸிலிருந்து வருகிறவர்களிடம் கெஞ்சி வாங்கி, இரண்டு மிஷினைச் சேர்த்து வைத்து இவரே காப்பி அடித்தவை. மேலே பால்பாயிண்ட் பேனாவில் இவருடைய கோழிக் கிறுக்கல். பாதிப் படத்தில் கிரிக்கெட் வேறு புகுந்திருக்கும். அமெரிக்காக்காரன் தேடுவது கடையில் வாங்கிப் பிரிக்காத கேசட்டை. இந்தத் திருட்டுக் காப்பியை ஓசியில் கொடுத்தால்கூட எவனும் சீந்தமாட்டான். சொன்னேன். "உனக்கு மார்க்கெட் புரியாது" என்றார். ஆமாம், இவர் பெரிய மார்க்கெட்டைக் கண்டுவிட்டார்.

எனக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று, எங்கள் கல்யாண கேசட். கல்யாணமான மறுவருஷமே அப்பா போய்விட்டார். ஃபோட்டோ இருக்கிறது, குரல் அந்த கேசட்டில் மட்டும்தான். கம்ப்யூட்டரில் மாற்றித் தாருங்கள் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! மிஷின் ரிப்பேர், பார்க்கலாம், அடுத்த மாசம். இப்போது புதுச் சாக்கு கிடைத்தது: "ஓட்டினா வேல்யூ குறைஞ்சிடும்." என் கல்யாணத்தை எந்த மடையன் காசு கொடுத்து வாங்குவான்?

கடைச் சரக்கு மாதிரி இருக்கவேண்டுமாம். ஒவ்வொரு கேசட்டையும் சமையலறை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, டிரங்குப் பெட்டியில் பூட்டினார். வெளியே பூனா மழை. பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பே பூஞ்சணம் பிடிக்கிற மாசம் அது. அந்த ஈரக் காற்றையும் சேர்த்தா உள்ளே வைத்துச் சுற்றுவது? அறிவு வேண்டாமா மனுஷனுக்கு?

மழை விட்டதும் நானே திறந்தேன். கல்யாண கேசட்டுக்குள் சுருள் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. சிஞ்ச்வட்டில் பழைய கேசட்டைச் சுத்தம் செய்து மாற்றித் தருகிற கடைக்கு இவரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"பிளாஸ்டிக் மே கிஸ்னே லபேட்டா?" என்றான் கடைக்காரன். எவன் பிளாஸ்டிக்கில் சுற்றியது என்று கேட்கிறான். நான் பக்கத்தில் நின்ற இவரைக் காட்டினேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டான். படம் மொத்தமும் போச்சு, ஒரே ஒரு இடத்தில் சத்தம் மட்டும் தேறுகிறது என்றான். கடைக்குப் போனோம். திரையில் கோடு கோடாக ஓடியது. நாதஸ்வரம் இழுத்தது. அதற்குள்ளிருந்து சட்டென்று அப்பா.

"மாப்பிள்ளை இன்னும் சாப்பிடலையேப்பா! யாராவது கவனிங்களேன்."

அப்புறம் வெறும் இரைச்சல்.

"பார்த்தியா, உங்கப்பாவுக்கு எம்மேல எவ்வளவு அக்கறை!" என்றார் இவர், வெட்கமே இல்லாமல்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. அப்பா குரலில் மிஞ்சியதே அந்த ஒரு பேச்சுதான். அதில் அவர் என்னைக் கூப்பிடவேயில்லை.