புழுக்கை இல்லாத கூண்டு

அடையாற்றில் ஒரு கால்நடை மருத்துவமனையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். டாக்டர் சோதிக்கும்போது பிராணிகளைப் பிடித்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஒல்லியான உடம்பு, கைகளெங்கும் பழைய பிறாண்டல் தழும்புகள். எதைத் தொடுவதற்கு முன்பும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

கல்லூரிச் சுற்றுலா போன மகள் தன் முயலை என்னிடம் விட்டுச் சென்றிருந்தாள். தரமணி ஆபீஸ் வேலையில் நான் புல் வாங்கச் சோம்பல்பட்டு, பிஸ்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். அது மூலையில் சுருண்டுவிட்ட பிறகுதான் கூண்டோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“கடைசியா எப்போ சார் துன்னுச்சு?” என்று கேட்டார் அந்த அம்மா.

“இன்னிக்குக் காலையில.”

அவர் கூண்டுத் தட்டைப் பார்த்தார். “ஒரு புழுக்கையக் கூட காணோமே சார். ரெண்டு நாளு ஆயிருக்கும் போல கீது. என்னாண்ட இன்னா வேணா சொல்லு. டாக்டராண்ட நெஜத்த சொல்லிடு சார், அத்த வச்சுத்தான் மருந்து குடுப்பாரு.”

டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் ஊசி போட்டார். ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த உணவை எடுத்து, கடைவாய் ஓரமாகத் துளித்துளியாக ஊட்ட அந்த அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் முயல் தானாகவே கொத்தமல்லித் தழையைக் கடித்தது.

மகள் வந்ததும், “சூப்பரா பாத்துக்கிட்டீங்கப்பா!” என்று கட்டிக்கொண்டாள். நடந்ததை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.