மட்டாஞ்சேரியில் ஒரு ஹீட்டர்

மீன மாச வெயிலில் கொச்சிக் காயலே வேர்த்துக் கிடக்கும்போது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் ஹீட்டர் போடுகிற ஜீவன் மட்டாஞ்சேரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெங்கிடேஸ்வரன். தெருமுனைச் சாயாக்கடையில் அவருக்கு 'ஹீட்டர் சாமி' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். காரணம் தெரியாமல் சூட்டிய பெயர். தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை, நல்ல பெயர் கிடைப்பது சிரமம் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே அதிகமாக வேர்க்கிற மனுஷர் அவர். மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதிய காலத்தில், அவர் எழுந்துபோன நாற்காலியில் ஈரம் காயும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்குக் கமலாக்ஷியைக் கட்டிவைத்தார்கள். அவளுக்கோ கார்த்திகை மாசக் காற்றே பனிப்புயல். அவர் மின்விசிறியை ஐந்தில் வைப்பார், அவள் ஒன்றுக்கு இறக்குவாள். "நேக்கு மேலெல்லாம் குளிர்றதுன்னா" என்பாள். கடைசியில் அந்தக் கல்யாணம் இரண்டு பேருக்கும் பிடிக்காத மூன்றாம் நம்பரில் முப்பது வருஷத்துக்குமேல் சுற்றியது. பிள்ளைகள் இல்லை. சண்டை போட விசிறியாவது இருந்தது.

பிறகு கமலாக்ஷியின் சிறுநீரகங்கள் நின்றுபோயின. எறணாகுளத்தில் வாரம் இருமுறை டயாலிசிஸ். ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்புவதாலோ என்னவோ, முடிந்து வரும்போது பல் கிட்டிக்க நடுங்குவாள். கம்பளியெல்லாம் போதவில்லை. அப்போதுதான் காரின் குமிழில் நீலத்துக்கு எதிரே சிவப்பு என்று ஒன்று இருப்பதே வெங்கிடேஸ்வரன் கண்ணில் பட்டது. அன்று முதல், போகும்போது அவருக்காக நீலம், வரும்போது அவளுக்காகச் சிவப்பு. வேர்வை கண்ணில் வழிய வழிய ஓட்டுவார். பக்கத்தில் அவள், காற்று வரும் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தூங்கிப்போவாள்.

ஒரு திங்கட்கிழமை, திரும்பி வரும் வழியில், காருக்குள் காற்றைத் தள்ளும் விசிறி நின்றுவிட்டது. எந்த எண்ணில் வைத்தாலும் காற்றில்லை. அவள் நடுக்கத்தில் இருக்கையும் சேர்ந்து ஆடியது. அவர் யோசித்துவிட்டுத் தோப்பும்படிப் பாலம் தாண்டி, நிழலே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, கண்ணாடிகளை இறுக்கி ஏற்றினார். உச்சிவெயில் உள்ளே இறங்கி உலையாயிற்று. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். ஏதோ வயசான ஜோடி விபரீதமாக முடிவெடுத்துவிட்டது என்று நினைத்தாராம். விவரம் கேட்டபின், வண்டியை இன்னும் கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வெங்கிடேஸ்வரன் இசக்கிராஜாவின் பட்டறையில் நின்றார். தென்காசிக்காரன், வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன்.

"ஏசிதான சாமி?" என்றான்.

"ஏசி கிடக்கட்டும். நேக்கு ஹீட்டர் வேணும்."

"மூணாறுக்குக் குடி போறியளா?"

அவர் காரணத்தைச் சொன்னார். அவன் பிறகு கேலி பேசவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், நன்றாக இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு பல்பு வைத்துச் சோதித்தான், கரண்டும் வந்தது. ஸ்குரூடிரைவர் பிடியால் மோட்டாரைத் தட்டினதும் விசிறி ஒருதரம் உயிர்பெற்று ஓடி மறுபடி நின்றது. உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, வேறு மோட்டார்தான் போட வேண்டும் என்றான். ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஒரே விசிறிதானாம். எஞ்சினில் சூடு நிறைய இருக்கிறது, உள்ளே தள்ளிவிடத்தான் ஆளில்லை.

பழைய மாடல். இடப்பள்ளிக் கடைகளில் கையை விரித்தார்கள். ஆலுவாவில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் இசக்கிராஜா சொல்லிவைத்தான். அதுவரை தோப்பும்படி வெயில்தான் ஹீட்டர். காத்திருக்கும்போது வெங்கிடேஸ்வரன் மலையாளப் பேப்பர் படிப்பார். முதல் நாள் தலையங்கம் முடிவதற்குள் அவள் நடுக்கம் நின்றது. அடுத்த தடவை விளையாட்டுப் பக்கம்வரை போயிற்று. அதற்கடுத்த தடவை ராசிபலனெல்லாம் தாண்டி, வீடு வாடகைக்கு விளம்பரங்களையும் படித்து முடித்தார். அவள் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, சிறுநீரகம் போனால் நரம்புகள் அப்படித்தான், இனிக் கைக்கும் வரும், சூடான எதையும் தொடவிடாதீர்கள். கமலாக்ஷியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. விசிறி சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார். சொல்லிச் சொல்லி, அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

மோட்டார் வந்தது. இசக்கிராஜா மாட்டி, சிவப்பில் வைத்து, காற்றுவாயில் கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்தான். "இட்டிலியே அவிக்கலாம் சாமி," என்றான்.

அன்று மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து அவளைக் காரில் ஏற்றிக் குமிழை முழுசாகச் சிவப்புக்குத் திருகினார். விசிறி உறுமியது. பாலத்தை நெருங்குவதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவள் வழக்கம்போலக் காற்றுவாயில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள்.

"சத்தம் வரதுன்னா. சூடு எங்கே?"

அவர் விரலை நீட்டிப் பார்த்தார். சுட்டது. அவள் கை மட்டும் அங்கேயே இருந்தது. உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. வண்டியை ஓரங்கட்டி, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் காத்தை மட்டும்தான் சரி பண்ணியிருக்கான். சூட்டுக்கு வேற சாமான் வரணுமாம். அடுத்த வாரம் ஆகும்," என்றார்.

"பாவம், வெயில்ல வேலை பாக்கறவன். திட்டாதீங்கோ."

"இல்லை, திட்டல்லை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூடே வரல்லைங்கறேள். அப்புறம் ஏன் இப்படி வேர்க்கறது?"

"நேக்கு எப்போதான் வேர்க்கல்லை?"

அது நிஜம்தானே. கமலாக்ஷி நம்பினாள், லேசாகச் சிரித்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒரு காரியம் செய்தாள். இன்னொரு கையை நீட்டி, அந்தக் குமிழைத் தானே நீலத்துக்குத் திருப்பினாள்.

"சூடுதான் இல்லையே. நீங்களாவது கொஞ்சம் காத்து வாங்கிக்கோங்கோ."

ஜில்லென்று வந்தது காற்று. ஆயுசு முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்த காற்று, ஐந்தாம் நம்பரில். வெங்கிடேஸ்வரன் அவள் கையைப் பொத்திப் பிடித்தபடி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லா இருக்கா என்று கேட்டாள் அவள். நல்லா இருக்கு என்றார்.