நெய்யாற்றின்கரைக்கு நின்றுகொண்டே ஒரு பயணம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு உதியன்குளங்கரையில் பஸ் ஏறினோம், நானும் மகன் ஜெபினும். கொல்லயிலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே வந்தோம். ஆட்டோவில் உட்கார அவனால் முடியாது. நெய்யாற்றின்கரைக்கு ஆறு கிலோமீட்டர் வரும். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சேட்டா, சீட்டு உண்டல்லோ, இரிக்கு," என்றார் கண்டக்டர்.

"நிக்கியதுதான் சுகம்."

"நிக்கிய ஆளுக்குப் பாதி டிக்கெட்டு கேக்காத, கேட்டியா?"

பஸ்ஸே சிரித்தது. நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தேன். ஆள் கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது, சின்னதிலிருந்தே அப்படித்தான்.

ஜெபினுக்கு இருபத்தாறு வயது. விழிஞ்ஞத்துக்குச் சாமான் கொண்டுபோகிற டெம்போ ஓட்டுகிறான். பகல் முழுக்க சீட்டில்தான் இருப்பு. ஒரு மாதமாக ஏதோ வலி. என்னிடமும் காட்டவில்லை. சபையில் ஜெபக்குறிப்பு கேட்டபோது "முதுகு வலி" என்று சொல்லிவிட்டான். எங்கள் சபையில் ஒரு குறிப்பு வாசித்தால் போதும், ஆராதனை முடிந்ததும் ஆட்கள் வீட்டு முற்றத்தில் நிற்பார்கள். காஞ்சிரங்குளத்து மாமி தைலம் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு ரெத்தினம் வைத்தியசாலையில் வாங்கிய குழம்பெண்ணெய் கொண்டுவந்தாள். "கமந்து கெட மக்கா" என்று ஆள் மாற்றி ஆள் அழுத்தித் தேய்த்து உழிந்தார்கள். அவன் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. லுங்கியைத் துவைக்க எடுத்தேன், பின்பக்கம் சீழும் ரத்தமும். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அமரவிளை பாலத்தில் பஸ் மெல்லப் போனது. கீழே நெய்யாறு கலங்கலாக ஓடியது.

"டாக்டரிட்ட உள்ளது உள்ளபடி செல்லுவியாலே?" என்று கேட்டேன்.

"செல்லுதேன்," என்றான்.

ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தது சின்ன வயது பெண் டாக்டர். இவன் முகம் வெளுத்தது.

"எவிடயா வேதனை?"

"முதுகு."

அந்தப் பிள்ளை எக்ஸ்ரேக்கு எழுத ஆரம்பித்தது. நான் நாலாம் வகுப்புவரை படித்தவள். டாக்டரிடம் பேசுவதெல்லாம் வீட்டுக்காரர் இருந்தவரை அவர், பிறகு இவன். இப்போது இவனும் பேசவில்லை. எழுதி முடித்தால் எக்ஸ்ரே எடுக்கப் போவோம், எலும்பில் ஒன்றும் இல்லை என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள், உள்ளே பழுத்துக்கொண்டே இருக்கும்.

"முதுகு இல்ல மக்களே," என்றேன். "அதுக்கும் கீழ. வாலெலும்புக்கிட்ட, பிளவுக்க மேல. சீழ் வருது. காய்ச்சலும் உண்டு."

"அம்மோ!" என்றான் இவன்.

"இரிக்க முடியாதவனுக்கு என்னலே வெக்கம்?"

டாக்டர் பிள்ளை சிரித்துவிட்டது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தது. வந்து எனக்கு விளங்கும்படி சொன்னது: இது மூலம் இல்லை, புற்றும் இல்லை. அந்தப் பிளவில் கிடக்கிற முடி, உட்கார்ந்து உட்கார்ந்து உரசும்போது தோலுக்குள் குத்தி இறங்கிவிடும். அங்கேயே பை மாதிரி கட்டியாகிப் பழுக்கும். வண்டி ஓட்டுகிற பையன்மாருக்கு நிறைய உண்டு. எண்ணெய் போட்டு உழியவே கூடாது.

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார்கள். சீழோடு ஒரு சுருட்டு முடி வந்தது. தையல் போடவில்லை. உள்ளிருந்து ஆறி வரவேண்டுமாம். தினமும் துணி மாற்றி வைக்கிற விதத்தை நர்ஸ் எனக்குக் காட்டித் தந்தாள். சுற்றிலும் முடியை மழிக்க வேண்டும், வண்டி ஓட்டத்துக்கு நடுவே இறங்கி நடக்க வேண்டும், திரும்ப வந்தால் பெரிய ஆபரேஷன் வேண்டிவரும் என்றும் சொன்னார்கள்.

துணி மாற்றியது முழுக்க நான்தான். காட்டப் போகும்போதெல்லாம் டாக்டர் பிள்ளை, "அம்மச்சி நல்லா செய்யுது" என்றது. புண் மூடிவிட்டது. இப்போது ஜெபின் டெம்போ ஓட்டுகிறான்.

போன ஞாயிறு போதகர், "ஜெபின் தம்பிக்கு முதுகு வலி சுகமாயிட்டுதா?" என்று கேட்டார். நான் எழும்பினேன். முதுகு இல்லை என்று தொடங்கி, எந்த இடம், என்ன நோய், என்ன செய்தார்கள் என்று எல்லாம் சொன்னேன். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வெளியே வாசலில் ரெத்தினம் என் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்க பயலுக்கும் அதே எடத்திலயாக்கும். நானும் எண்ணெய்தான் போடுதேன்."

இன்று காலை அதே ஏழேகால் பஸ், அதே கண்டக்டர். ரெத்தினமும் நானும் உட்கார்ந்தோம். அவள் மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் அவனைப் பார்த்து வாயைத் திறக்கப் போனார்.

"அவன் நிக்கட்டு," என்றேன், பஸ் முழுக்கக் கேட்க. "நெய்யாற்றின்கரை மூணு. மூணும் முழு டிக்கெட்டாக்கும்."